கலவைச் சோதனை

வால்டிவியாவில் பதினோராவது நாளாக மழை.
மீன் சந்தைப் படித்துறையில் கடல்சிங்கங்கள்
மீன்தலைக்குக் கத்துவது ஆய்வகம் வரை கேட்கிறது.
சுழன்று நின்ற இயந்திரத்திலிருந்து
நீலமூடிக் குழாய்கள் இரண்டை எடுக்கிறேன்.
மேலே ஆப்பிள் சாற்றின் நிறம்.
கீழே பேசாத சிவப்பு.

ஒன்று நாவெல் ஒயார்சோ, வயது ஒன்பது,
கொர்ராலிலிருந்து படகில் வந்தவன்.
பல் விழுந்து மூன்று நாள்;
இன்னும் துணியைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

மற்றது இர்மா கத்ரிலெஃப்.
பித்தப்பை அறுவைக்கு முந்தின மாலை
'உறையும் நேரம் அதிகம். ரத்தம் கொட்டலாம்.
தள்ளிவைக்கவும்' என்று எழுதி
ஷ்வென்கே டாக்டர் இங்கே அனுப்பிவிட்டார்.

"எனக்கெல்லாம் கொட்டாது," என்றாள்
கையை நீட்டிக்கொண்டே.
"கிழங்கு சீவும்போது அறுத்துக்கொண்டால்
விரலை வாயில் வைத்து எடுப்பதற்குள் நின்றுவிடும்.
மூன்று தடவை நின்றதும் அப்படித்தான்,
சத்தமில்லாமல்."
எது நின்றது என்று நான் கேட்கவில்லை.
இடது காலில் மட்டும்
காலுறை இறுகிப் பதிந்திருந்தது.

அவனுக்கு எண்பத்தொரு விநாடி.
அவளுக்கு அறுபத்துநான்கு.
மற்றவர்க்கு முப்பதில் முடிகிற காரியம்.
ஒரே காகிதம், ஒரே சிவப்பு மை,
ஒரே நோய் போல.
இயந்திரம் சொன்னால் நம்பலாம்.
நான் கையாலும் ஒருமுறை பார்த்துவிடுவேன்.

உறைபெட்டியில் ஒரு குப்பி இருக்கிறது,
இருபது பேரைக் கலந்து வைத்தது:
வாயில்காவலர் எலெயுதேரியோ,
சமையலறை இரட்டையர்,
சொல்லாமல் வேலையை விட்டுப்போன ஒரு தாதி,
நான்.
எந்தத் துளி எவருடையது என்று
இனி எங்களாலேயே சொல்ல முடியாது.

பாதி அவன், பாதி நாங்கள்.
வெந்நீர்த் தொட்டி, முப்பத்தேழு பாகை.
கால்சியம் விட்டதும் கடிகாரத்தை அழுத்தி
குழாயைச் சாய்க்கிறேன், நிமிர்த்துகிறேன்,
சாய்க்கிறேன்.
முப்பத்திரண்டில்
உறை விழுந்த பால்போல அசைவு தடித்தது.
இல்லாததைக் கொடுத்தோம், நிரம்பிவிட்டான்.
எட்டாம் காரணியாகத்தான் இருக்கும்.
கடன் வாங்கினால் தீர்கிற குறை.
ஆயுள் முழுக்க வாங்க வேண்டும்,
அது வேறு கணக்கு.

பாதி அவள், பாதி நாங்கள்.
சாய்க்கிறேன்.
நாற்பது.
சாய்க்கிறேன்.
ஐம்பது, இன்னும் தண்ணீர்.
ஐம்பத்தெட்டு.
இரண்டு மணி நேரம் சூட்டில் வைத்துப் பார்த்தும்
ஐம்பத்தொன்பது.
இவளிடம் எதுவும் குறையவில்லை.
கூடுதலாக ஒன்று இருக்கிறது,
இருபது பேரையும் வாசலிலேயே நிறுத்துகிறது.
என் ரத்தமும்தான்,
அவளோடு சேர்ந்ததும் அவள் பேச்சைக் கேட்கிறது.

கொழுப்புத் துளிகளை அள்ளி விட்ட பிறகே
பிடியை விட்டது: முப்பத்தாறு.

லூபஸ் உறைவெதிர்ப்பி என்று பெயர்.
இவளுக்கு லூபஸ் இல்லை.
அது உறைவதை எதிர்ப்பதும் இல்லை,
கண்ணாடிக்குள்ளே தவிர.
உடம்புக்குள்
தொடையில் உறையும்,
தொப்புள்கொடி வேரூன்றும் இடத்தில் உறையும்.
அங்கே உறைய வந்த மூன்று பேர்
இடமில்லாமல் திரும்பிப்போனார்கள்.

தொலைபேசியில் டாக்டர் நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, "இத்தனை நேரம் உறையாத ரத்தத்தையா
இன்னும் நீர்க்கச் செய்யச் சொல்கிறீர்கள்?"
"கால் வீங்கியிருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்," என்றேன்.
"பன்னிரண்டு வாரம் கழித்து
இதையே மறுபடி செய்துதான் உறுதி சொல்ல முடியும்."
பன்னிரண்டு வாரம் என்பது
அவளுக்கு எவ்வளவு நீளம் என்று
சொன்ன பிறகுதான் உறைத்தது.

தாழ்வாரத்தில் இருவரும் ஒரே பெஞ்சில்.
பையனின் துணியை மடித்து
ஈரமில்லாத பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள்.
"உனக்கும் நிற்காதா?" என்கிறான்
பல்லைக் கடித்தபடி.
"எனக்கு நிற்கும்," என்கிறாள்.
"கொஞ்சம் அதிகமாகவே."

மிஞ்சிய கலவையை
மஞ்சள் பையில் போட்டுவிட வேண்டும், விதி அது.
மணி ஐந்தாகிறது.
பாதி அவளும் பாதி நானுமாக ஒரு குழாய்
இன்னும் என் கையில் சாய்ந்து, நிமிர்ந்து.